ஆடு தீண்டாத இலை

எத்தனால் பட்டால் மார்க்கர் மை கரைந்துவிடும். ஆய்வகத்தில் கால் வைத்த முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் மாலை, மேசை துடைக்க வைத்திருந்த எத்தனால் புட்டியில் என் முழங்கை இடித்தது. பக்கத்திலேயே தாங்கியில் 48 பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியின் ஒரு சிட்டிகை விதை, மூடியில் நீல மையில் கிறுக்கிய எண். நான் துணியை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மூடிகளெல்லாம் வெளிர்நீலம் பூத்து, எழுத்தே இல்லாமல் என்னைப் பார்த்தன.

அந்த விதையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கொடுமை புரியும். பழுப்பு நிறத் தூள். ஒரு விதையின் எடை சுமார் 20 மைக்ரோகிராம். பல்குத்தும் குச்சியின் நுனியை ஈரமாக்கித்தான் ஒன்றை எடுக்க முடியும். தும்மினால் ஒரு தலைமுறை போய்விடும். ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவுமில்லை. ஒன்றில் குளிருக்குப் பூக்க மறுக்கிற செடி, இன்னொன்றில் வெளிச்சத்தைச் சரியாக உணராத செடி, மற்றொன்றில் இரண்டையும் கலந்து நான்கு மாதம் காத்திருந்து எடுத்த வாரிசு. இப்போது எல்லாம் ஒரே தூள்.

முளைக்கவைத்து, இலை கிள்ளி, டிஎன்ஏ எடுத்து, டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை போட்டுப் பார்த்ததில் 37 குழாய்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. மிச்சம் 11 கிடைக்கவில்லை. அவற்றிலிருந்த மாற்றம் எந்த மரபணுவில் என்று அதுவரை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. எதோடு ஒப்பிடுவது? டிஎன்ஏ கையில் இருந்தது, கேள்வி கேட்க வழியில்லை. அந்த 11 குழாய்களையும் தூக்கிப்போட மனமில்லாமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன். அன்றிலிருந்து பென்சிலில்தான் எழுதுகிறேன். பென்சில் எத்தனாலுக்குக் கரையாது.

இந்தச் சின்ன விபத்து என் மனதில் தங்கிப்போனதற்குக் காரணம் இழந்த நான்கு மாதம் மட்டுமில்லை. தாவரவியலில் இப்போது நடக்கிற பெரிய விஷயங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாங்கி கண்முன் வந்து நிற்கிறது. செடியின் டிஎன்ஏவைப் படிப்பது இன்று அநியாயத்துக்குச் சுலபமாகிவிட்டது. படித்த வரிசையை எந்தப் பெயரோடு சேர்ப்பது, அந்தப் பெயருக்குப் பின்னால் யாருடைய அறிவு இருக்கிறது என்பதில்தான் சிக்கல் முழுவதும்.

அரபிடாப்சிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட செடி. கடுகுக் குடும்பத்துக் களை, விதையிலிருந்து விதைக்கு ஆறு வாரம், ஐந்தே ஐந்து குரோமோசோம், சுமார் 13.5 கோடி டிஎன்ஏ எழுத்து. செடிகளிலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்டது இதற்குத்தான், 2000 டிசம்பரில். பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, சர்க்கரையும் துளி சோப்பு போன்ற ஒரு திரவமும் கலந்த பாக்டீரியாக் கரைசலில் முக்கி எடுத்தால் போதும், சில விதைகளில் நீங்கள் விரும்பிய மரபணு ஏறியிருக்கும். இதைவிட வசதியான செடி கிடைக்காது. ஆனால் இதை யாரும் சமைத்ததில்லை, காயத்துக்கு வைத்துக் கட்டியதில்லை, மாட்டுக்குப் போட்டதில்லை என்றே சொல்லலாம். ஆங்கிலப் பெயர்கூட 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் அதைக் கண்டு எழுதிய யொஹானஸ் தால் என்ற மருத்துவரின் பெயர்தான். தமிழில் பெயரே கிடையாது. அதிகம் தெரிந்த செடிக்கு ஊர் வழக்கில் ஒரு கதைகூட இல்லை. அதன் சுமார் 27,000 மரபணுக்களில் கணிசமானவை என்ன செய்கின்றன என்பதும் இன்னும் சோதித்து உறுதியாகவில்லை.

(இடையில் ஒன்று. மரபணுத் தொகுப்பு பெரிதாக இருந்தால் செடியும் பெரிய விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. இதுவரை அளந்ததிலேயே பெரியது நியூ கலிடோனியாவில் வளரும் ஒரு சின்ன பெரணி வகையுடையது, 2024இல் அறிவித்தார்கள். 16,000 கோடி எழுத்து, மனிதனைப் போல ஐம்பது மடங்கு. அத்தனையையும் வைத்துக்கொண்டு அது மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு சும்மா தொங்குகிறது.)

பெயர் தொலைவது என் குழாய்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. எஃப்ஆர் 13ஏ என்று ஒரு நெல். கேட்டால் ஏதோ இயந்திரத்தின் மாடல் எண் போல இருக்கும். வெள்ளம் தாங்கும் வகை, எண் 13ஏ என்று அர்த்தம். ஒடிசாவில் தாழ்வான வயல்காரர்கள் காலங்காலமாக வைத்திருந்த தளபுட்டியா என்ற நெல்லிலிருந்து பொறுக்கி எடுத்தது அது. வழக்கமான நெல் முழுக்க நீரில் மூழ்கினால் ஒரு வாரத்தில் தலை சாய்ந்துவிடும். இது இரண்டு வாரம் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி பச்சை விடும். 1970களில் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான வகைகளை மூழ்கடித்துச் சோதித்தபோது மேலே வந்தவற்றில் இதுவும் ஒன்று.

அது எப்படித் தாங்குகிறது என்று புரிய 2006 வரை ஆனது. எனக்கு மிகப் பிடித்த உயிரியல் கதைகளில் இது ஒன்று என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செடி மூழ்கியதும் அதற்குள் உருவாகும் எத்திலீன் வாயு வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயு பல ஆயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். எத்திலீன் சேரச் சேர ஜிப்பரெலின் என்ற ஹார்மோன் வேலையைத் தொடங்குகிறது. 'மேலே போ, மூச்சு வாங்கு' என்று தண்டு நீள்கிறது. வெள்ளம் ஆழமில்லாததாக இருந்தால் தப்பிக்கும். ஆழமாக இருந்தால், சேர்த்துவைத்த மாவுச்சத்தையெல்லாம் நீள்வதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது நிமிரத் திராணியில்லாமல் படுத்துவிடும். எஃப்ஆர் 13ஏவில் சப்1ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவம் இருக்கிறது. மற்ற மரபணுக்களைத் திறந்து மூடுகிற புரதம் அதிலிருந்து உருவாகிறது. அதே எத்திலீன் வந்து எழுப்பினாலும் இந்தப் புரதம் ஜிப்பரெலினின் பேச்சு எடுபடாமல் செய்துவிடுகிறது. செடி நீளாது. கையிருப்பைச் சுருட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும்.

இதற்கு நேர்மாறான நெல்லும் உண்டு. ஆழநீர் நெல் வெள்ளத்தோடு போட்டி போட்டு ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2009இல் ஜப்பான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, மூச்சுக்குழாய் மாட்டி நீந்துபவர்களை நினைத்து 'ஸ்நார்க்கெல்' என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் சப்1ஏவும் ஸ்நார்க்கெலும் ஒரே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று 'ஓடு' என்கிறது, மற்றது 'அசையாதே' என்கிறது. பருவத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு வாரத்தில் வடிகிற வெள்ளமா, மாதக்கணக்கில் நிற்கிற வெள்ளமா என்பதைப் பொறுத்து எது சரி என்று மாறும். எந்த வயலுக்கு எந்த நெல் என்று விதையை வருஷா வருஷம் பிரித்து வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. புரதத்தின் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

சப்1ஏவை மரபணு மாற்றம் எதுவும் செய்யாமல், டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கலந்து, ஸ்வர்ணா என்ற பரவலான நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். 2009இல் இந்தியாவில் வெளியானது. ஒடிசாவில் நடந்த களச்சோதனை 2013இல் வந்தது: பத்து நாள் மூழ்கிய வயலில் சாதா ஸ்வர்ணாவைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். வெள்ளம் வராத வயலில் குறைவும் இல்லை. கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். வெள்ளம் அதிகம் வரும் பள்ளமான நிலங்கள் பெரும்பாலும் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்களிடம்தான் இருந்தன. இதைப் படித்ததும் எனக்குத் தளபுட்டியா ஞாபகம் வந்தது. நல்ல மேட்டு நிலம் கையில் இருந்தவர் வெள்ளம் தாங்கும் நெல்லைக் காப்பாற்றி வைக்கவேண்டிய தேவை என்ன இருந்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் 13ஏ என்ற எண்ணில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மலேரியா மருந்தின் கதை. 1967 மே 23 அன்று சீனாவில் ரகசியமாக ஒரு திட்டம் தொடங்கியது. தேதியையே பெயராக்கி 523 என்றார்கள். அதில் சேர்ந்த தூ யூயூ என்ற ஆய்வாளர் பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டினார். சிங்ஹாவ் என்ற மூலிகை திரும்பத் திரும்ப வந்தது. சாறு எடுத்து எலிக்குக் கொடுத்தால் ஒரு நாள் பலிக்கும், மறுநாள் பலிக்காது. முதல் சிக்கல் பெயர்தான். ஆர்டெமிசியா இனத்தில் பல செடிகள் அந்தப் பெயருக்குள் நுழைந்திருந்தன. மருந்துச்சத்து போதுமான அளவு இருந்தது ஆர்டெமிசியா அனுவாவில் மட்டும். அதிலும் தண்டில் இல்லை, இலையில். அதுவும் பூப்பதற்குச் சற்று முந்தைய பருவத்தில்.

இரண்டாவது சிக்கலைத் தீர்த்தது 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹாங் எழுதிய ஒரு வரி. ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்கிறார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. மற்றக் கஷாயமெல்லாம் காய்ச்சித்தான் எடுப்பார்கள், இது மட்டும் ஏன் பிழிய? சூட்டில் மருந்து சிதைகிறதோ என்று தூ யூயூவுக்குத் தோன்றியது. 35 டிகிரியிலேயே கொதிக்கிற ஈதரை வைத்துச் சத்தை எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆவது மாதிரி எலிகளிலிருந்த ஒட்டுண்ணியை முழுக்க ஒழித்தது. அடுத்த ஆண்டு அவரும் இரண்டு சகாக்களும் அதைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். 2015இல் நோபல்.

அந்த மருந்து இலையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஆர்டெமிசியாவைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஒரு தக்காளிச் செடி போதும். இலையையும் தண்டையும் விரலால் நாலைந்து முறை நீவுங்கள். விரல் பிசுபிசுக்கும், கொஞ்ச நேரத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை ஏறும், சோப்பு போட்டால் நுரை மஞ்சளாக வழியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டு முழுக்கக் கண்ணாடி முடிகள், சிலவற்றின் நுனியில் குண்டூசித் தலை போல ஒரு துளி. சுரப்பு முடிகள். பூச்சி கால் வைத்தால் அந்தத் துளி உடைந்து காலில் ஒட்டும். தக்காளிக்கு அது பிசினும் வாசனையும். ஆர்டெமிசியாவில் பத்தே செல்களால் ஆன அப்படியொரு முடியின் உச்சியில்தான் ஆர்டெமிசினின் என்ற அந்த மருந்து சேருகிறது. அதன் மூலக்கூறில் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. நம் ரத்தத்தின் சிவப்பைத் தின்று இரும்பைக் கொட்டி வைத்திருக்கும் ஒட்டுண்ணிக்குள் நுழைந்ததும் அந்த இரும்பு பட்டு அந்தப் பிணைப்பு அறுகிறது. அறுந்த துண்டு பக்கத்திலிருப்பதையெல்லாம் கடித்துக் குதறுகிறது.

அப்புறம் அந்த மருந்தை உருவாக்கும் நொதிகளின் மரபணுக்களைத் தேடிப்பிடித்து ஈஸ்டுக்குள் ஏற்றினார்கள். 2013 வாக்கில் ஆர்டெமிசினினுக்குச் சில படிகள் முந்தைய அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் தருகிற ஈஸ்ட் தயாராகிவிட்டது. அதிசயம்தான். ஆனாலும் மருந்தின் பெரும்பகுதி இன்றும் வயலில் விளைகிற செடியிலிருந்தே வருகிறது. செடியை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்பிவிட முடியவில்லை.

இதுவரை சொன்னதைப் படித்தால் 'பார்த்தாயா, அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரியும்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். தலைப்பும் இங்கிருந்துதான்.

ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி. தரையோடு படரும், இதய வடிவ இலை, வளைந்த புனல் மாதிரி ஒரு கருஞ்சிவப்புப் பூ. பெயரிலேயே ஒரு சோதனை முடிவு எழுதியிருக்கிறது. கண்டதையெல்லாம் கடிக்கிற ஆடு இதைத் தொடாது. யார் முதலில் கவனித்தார்களோ, செடிக்குப் பெயர் வைத்தபோது அவருக்கு அதன் பூவும் தோன்றவில்லை, மணமும் தோன்றவில்லை. எது விலகிப் போனது என்பதுதான் தோன்றியது. அதே செடி சேர்ந்திருக்கும் இனத்துக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் அரிஸ்டோலோகியா. 'நல்ல பிரசவம்' என்று பொருள். பூ வளைந்து கருப்பை போல இருந்ததால், பிரசவத்துக்கு உதவும் என்று கொடுத்துவந்தார்கள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர். ஒன்று ஆட்டைப் பார்த்து வைத்தது. மற்றது பூவின் வடிவத்தைப் பார்த்து மனிதன் கற்பித்துக்கொண்டதோடு ஒட்டியது.

ஆடுதான் சரி. ஆனால் ஆட்டுக்கும் முழுக்கதை தெரியாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல். மாத்திரையில் இருக்கவேண்டியது ஸ்டெஃபானியா என்ற செடியின் வேர், சீனத்தில் ஹான் ஃபாங்ஜி. உள்ளே போனது குவாங் ஃபாங்ஜி, அதாவது ஒரு அரிஸ்டோலோகியா. ஒரே ஒரு முன்னொட்டு மாறியது. பல பேருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே பால்கன் நாடுகளில் சில ஆற்றோரக் கிராமங்களில் மட்டும் விளங்காத ஒரு சிறுநீரக நோய் இருந்துவந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டோலோகியாவின் விதை கோதுமையோடு சேர்ந்து அரைபட்டு மாவுக்குள் போயிருந்தது என்று பின்னால் தெளிந்தது.

இந்தச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் நம் டிஎன்ஏவில் 'ஏ' என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த இடத்தில் 'ஏ' மாறி 'டி' ஆகிவிடுகிறது. ஒன்றிரண்டு இடத்தில் நடப்பதில்லை, ஆயிரக்கணக்கான இடங்களில். புகையிலைக்கு ஒரு தழும்பு, வெயிலுக்கு ஒரு தழும்பு என்பது போல, புற்றுநோய்க் கட்டியின் டிஎன்ஏவைப் படித்தால் இதன் தழும்பு தனியாகத் தெரியும். தைவானில் 98 கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளைப் படித்து 2017இல் வெளியிட்டார்கள். 78 சதவீதத்தில் அந்தத் தழும்பு இருந்தது. இந்தச் செடிகளைக் கொண்ட மூலிகை மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002லேயே பட்டியலிட்டுவிட்டது.

எத்தனையோ நூற்றாண்டு, எத்தனையோ நாட்டு மருத்துவர்கள் கையாண்ட செடி. ஏன் யாருக்கும் தெரியவில்லை? அனுபவ அறிவு வேகமானதைப் பிடிக்கும். தின்றதும் வாந்தி, தடவியதும் கொப்புளம், குடித்ததும் காய்ச்சல் இறக்கம் என்றால் மூன்று தலைமுறைக்குள் அது பெயராகவோ பழமொழியாகவோ ஆகிவிடும். இன்று குடித்துப் பதினைந்து வருடம் கழித்து வரும் புற்றுநோயை அந்தக் கஷாயத்தோடு இணைத்துப் பார்க்க எந்தப் பாட்டியாலும் முடியாது, எந்த முனிவராலும் முடியாது. அதற்குக் கட்டியின் டிஎன்ஏவைத்தான் படிக்கவேண்டும். பாரம்பரியம் என்றாலே கும்பிடுகிறவர்களிடமும் பாரம்பரியம் என்றாலே சிரிக்கிறவர்களிடமும் எனக்கு ஒரே எரிச்சல்தான். எந்தக் கேள்விக்கு யாரிடம் போகவேண்டும் என்று இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

மூலிகை மாறாட்டத்தைப் பிடிக்க இப்போது டிஎன்ஏ பட்டைக்குறியீடு என்ற முறை இருக்கிறது. காய்ந்து பொடியான இலையாக இருந்தாலும் ஒரு சின்னத் துண்டு டிஎன்ஏவைப் படித்து இனத்தைச் சொல்வது. விலங்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரே மரபணு போதும். செடிகளில் அது மிக மெதுவாக மாறுவதால் இனங்களைப் பிரிக்க உதவவில்லை; இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்திலிருந்து இரண்டு மரபணுக்களை 2009இல் ஒப்புக்கொண்டார்கள். நன்றாக வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு: ஒப்பிட்டுப் பார்க்க, பெயர் தெரிந்த செடியின் வரிசை ஏற்கனவே நூலகத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் என்னுடைய 11 குழாய்களின் கதைதான்.

அந்த நூலகம் கடைசியில் போய் நிற்பது ஹெர்பேரியத்தில், பழுப்புத் தாளில் ஒட்டிய காய்ந்த செடிகளிடம். ரொம்ப நாள் அதைத் தூசி படிந்த இடமென்றுதான் நானும் நினைத்திருந்தேன். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய்க்கிருமி எந்த வகை என்று 2013இல் கண்டுபிடித்ததே அப்படிக் காய்ந்த இலைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துத்தான். எல்லோரும் சந்தேகப்பட்ட வகையில்லை, அதன் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. யாரோ ஒருவர் அழுகிய இலையைப் பறித்து, ஒட்டி, தேதியும் இடமும் எழுதி வைத்திருந்தார். அவருக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரியாது.

இலைக்குப் பெயரும் இடமும் எழுதிவைக்க ஆளில்லாத பக்கம்தான் வேகமாக அழிகிறது. 2021இல் ரோட்ரிகோ காமாரா லெரெட், ஜோர்தி பாஸ்காம்ப்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி மூன்றிலும் 236 பூர்வகுடி மொழிகளில் பதிவான மருத்துவப் பயன்களை எண்ணினார்கள். 12,495 பயன்கள். அதில் 75 சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு மொழியில் மட்டும் தெரிந்தவை. பக்கத்து மொழிக்காரருக்கும் தெரியாது. செடி அழிவதைவிட மொழி அழிவதால்தான் இந்த அறிவில் அதிகம் போகும் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. செடி அங்கேயே நிற்கும். இலை பச்சையாகவே இருக்கும். ஆடுதீண்டாப்பாளை என்று சொல்ல ஆள் இருக்காது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மெக்சிகோவின் ஒஹாகா மலைகளில் மிஹே என்ற பூர்வகுடி மக்கள் வளர்க்கும் ஒரு மக்காச்சோளம் ஐந்து மீட்டர் உயரம் போகும். தண்டில் எட்டு, பத்து கணு வரை காற்றில் விரல் விரலாக வேர் தொங்கும். மழை பெய்தால் அந்த வேரிலிருந்து கெட்டியான சளி போன்ற திரவம் சொட்டும். வளமில்லாத மண்ணில் அவ்வளவு உயரம் எப்படி என்பதற்கு 2018இல் பதில் வந்தது. சர்க்கரை நிறைந்த அந்தச் சளிக்குள் ஆக்ஸிஜன் அதிகம் நுழையாது. காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் பாக்டீரியாவின் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது என்பதால் அது சொகுசான வீடு. செடிக்கு வேண்டிய நைட்ரஜனில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்தே வந்ததாக அளந்தார்கள். தன் உரத்தைத் தானே தயாரிக்கும் சோளத்துக்காக உலகமே காத்திருக்கிறது. அது ஏற்கனவே ஒரு மலைக்கிராமத்தில் விளைந்துகொண்டிருந்தது. ஆராய்ந்தவர்கள் அந்தச் சமூகத்தோடு பலனைப் பகிர ஒப்பந்தம் போட்டார்கள். 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கை இதைத்தான் கேட்கிறது. ஒப்பந்தம் போதுமா, கையெழுத்துப் போட்டவர்களுக்கு வெளியே அதே சோளத்தை வைத்திருக்கும் மற்றக் கிராமங்களுக்கு என்ன என்ற விவாதம் ஓயவில்லை. ஓயாமல் இருப்பதே நல்லது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நகோயா விதையையும் இலையையும் நினைத்து எழுதப்பட்டது. இப்போது யாரும் இலையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட வேண்டியதில்லை. வரிசையைத் தரவிறக்கி, வேறொரு கண்டத்தில் ஈஸ்டுக்குள் ஏற்றிவிடலாம். கோப்பில் இருப்பது நான்கு எழுத்தும் ஓர் எண்ணும். எங்கிருந்து வந்தது, யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதற்கான கட்டங்கள் பெரும்பாலும் காலி. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் நாடுகள் கூடி, இப்படி வரிசைகளைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ போட ஒரு நிதியை ஏற்படுத்தின. பாதியாவது பூர்வகுடிகளின் தேவைகளுக்குப் போகவேண்டும் என்பது நோக்கம். கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பினால் போடலாம்.

மற்றவர்களைக் குறை சொல்லி முடித்தால் நேர்மையாக இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு காட்டுப் பயணத்தில் செடி சேகரித்தேன். கூட வந்த பெரியவர் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு கொடியிடம் நின்று, "புத்தகத்துல இதுக்கு என்ன பேரோ தெரியாது தம்பி, எங்க ஆளுங்க வேற சொல்லுவோம்" என்று ஒரு பெயரைச் சொன்னார். அழகான பெயர். சிரித்துவிட்டு, கூடவே ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று ஒரு காரணமும் சொன்னார். அப்போது என் இரண்டு கையிலும் செய்தித்தாளும் அட்டையும். தங்குமிடத்துக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி இருக்கிறது. உயரம், மண்ணின் நிறம், பூவின் நிறம் எல்லாம் இருக்கிறது. பிற்பாடு டிஎன்ஏ எடுத்து லத்தீன் பெயரையும் உறுதிசெய்தாயிற்று. 'வழக்குப் பெயர்' என்று அச்சடித்த வரிக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. எழுதியதெல்லாம் பென்சிலில்தான்.